வராண்டாவில் ஓடும் நரம்பு

என் இடது குதிகாலிலிருந்து நரம்பு வெளியே வந்து, வாசலைத் தாண்டி, வராண்டா நெடுக ஓடுகிறது. ரொம்ப வருஷமாகவே இப்படித்தான். வேகவைத்த சேமியா நிறத்தில் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை.

இதனால் எங்கள் வீட்டுக் கதவை முழுதாகச் சாத்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் பூமிநாதன் கதவின் அடியில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஓட்டையின் விளிம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார். நரம்பு உரசக் கூடாது என்பது அவர் கவலை. கரப்பான்பூச்சி வரக் கூடாது என்பது என் கவலை.

வலி இடுப்பில் தொடங்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கும். கெண்டைக்காலில் கொஞ்சம் நின்று யோசிக்கும். பிறகு குதிகால் வழியாக வெளியேறி வராண்டாவில் நடக்கும். அங்கே நடக்கும்போதும் எனக்குத்தான் வலிக்கும். யாரிடம் சொன்னாலும் "வயசாகுதுல்ல" என்றார்கள். வயது எல்லோருக்கும்தான் ஆகிறது. எல்லோருடைய நரம்பும் வராண்டாவுக்கு வந்துவிடவில்லை.

மாத்திரை போட்டுப் பார்த்தேன். மாத்திரை வயிற்றுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நரம்பு வராண்டாவில் இருந்தது. இரண்டும் சந்திக்க வழியே இல்லை. கடைசியில் மாத்திரை சலித்துப்போய், சும்மா இருப்பானேன் என்று வயிற்றைப் புண்ணாக்கியது. அதை அதன் வழியில் அனுப்பிவிட்டேன்.

என் பெயர் மரகதவல்லி. தபால் ஆபீஸில் சேமிப்புக் கவுண்டரில் இருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுவேன். அந்தப் பொறுமையை மெச்சி இந்த வருஷம் பதவி உயர்வு வந்தது. எனக்கல்ல, என் நாற்காலிக்கு. இப்போது அது எனக்கு மேலதிகாரி. அதன் அனுமதி இல்லாமல் நான் எழுந்திருக்க முடியாது. கேட்டால் கிறீச்சிடும். பிறகு பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

நான் ஆபீஸ் போகும்போது நரம்பும் படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, என் பின்னாலேயே நீண்டு வரும். அதன் மேல் ஆட்டோ ஏறினால் தெரியும். எந்த ஆட்டோ என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் செவத்தியான் வந்தான்.

செவத்தியான் எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வருகிற எலக்ட்ரீசியன். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. வாசலில் உட்கார்ந்து நரம்பை மேலும் கீழும் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை வராண்டாவுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்கக்கா. தேவையில்லாத வயரையெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு."

"இது வயர் இல்ல தம்பி. என் நரம்பு."

"கரண்டு வருதா?"

"சில நேரம் சுரீர்னு வரும்."

"அப்ப வயர்தான்."

அவன் நல்ல பையன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னான்.

"பயப்படாதீங்க. வெட்டினா வலிக்காது. என் இடது கையைப் பாருங்க. தோள்கிட்ட எனக்கும் இப்படித்தான் ஒண்ணு வெளிய வந்துச்சு. தொல்லை தாங்கல. நானே வெட்டிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வலி கிடையாது."

பார்த்தேன். அவனுடைய இடது கை எங்கள் மிதியடியின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"ஏய், இங்க வா" என்றான் கையிடம்.

கை திரும்பவில்லை.

"கூப்பிட்டா வராது. பந்தியில உக்காந்தா பக்கத்து ஆளு இலையில போயி சாப்பிடும். பஸ்ஸுல முன்னாடி சீட்டுக்காரன் தோள்ல போயி உக்காந்துக்கும். ஒரு தடவ அடி வாங்கினேன். அதுவும் வலது பக்கம்தான் வலிச்சுது."

"அதுக்கு உன்னைத் தெரியுதா?"

கொஞ்சம் யோசித்தான். "எனக்கு அதைத் தெரியும்க்கா" என்றான்.

என் இடது காலைக் குனிந்து பார்த்தேன். அது என்னைப் படுத்தாத பாடில்லை. ராத்திரி தூங்க விட்டதில்லை, சினிமாக் கொட்டகையில் முழுப்படம் பார்க்க விட்டதில்லை. ஆனாலும் அதற்கு என்னைத் தெரியும். செருப்பை நான் பார்க்காமலேயே தேடிப் போட்டுக்கொள்ளும். என் காலை என்னைத் தெரியாத காலாக ஆக்கிக்கொள்ள எனக்கு மனசில்லை.

"யாரு வெட்டச் சொன்னது?"

"அந்தப் பக்கத்து ஆளு. இந்த நரம்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்காருல்ல? அவருதான் சங்கத்துல கேட்டிருக்காரு. அவரு வேண்டாம்னா விட்டுருவேன். எனக்கென்ன."

அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சங்கச் செயலாளர் குருநாதன் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான். பெட்டியைத் தட்டினேன்.

"யாரு?"

"மரகதவல்லி சார். என் நரம்பை வெட்டப்போறதா சொல்றாங்க."

"அது பொது வராண்டாம்மா."

"வராண்டா பொது. நரம்பு என்னோடது."

"வலி?"

"அதுவும் என்னோடதுதான்."

"வராண்டாவுல வலிச்சா அது பொது வலி. சங்கத்தைச் சேர்ந்தது."

"அப்ப சங்கத்துக்கு வலிக்குதா சார்?"

பெட்டிக்குள் மீட்டர் சுற்றுவது மட்டும் கேட்டது.

"கூட்டம் போட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பூமிநாதனிடம் சொன்னேன். அவர் பஞ்சாலையில் நூல் பார்த்தவர். எந்த நூலைக் கண்டாலும் ஒரு விரலை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். கோயிலுக்குப் போனால் பூக்காரம்மாவின் நாரில்கூட வைத்துப் பார்ப்பார். இத்தனை நாளும் என் நரம்பில் மட்டும் மரியாதைக்காக வைக்காமல் இருந்தார். இப்போது வைத்தார்.

"இழுவை ஜாஸ்தி" என்றார்.

"அப்படின்னா?"

"அங்கிட்டு யாரோ இழுக்குறாங்க. இங்கிட்டு நீயும் இழுக்குற. இப்படி இருந்தா வெட்ட ஆளே வேணாம். தானா அந்துபோகும்."

"என்ன செய்யட்டும்?"

"அங்கிட்டு போயிப் பாரு. பைய போ."

"நீங்களும் வாங்க."

"நான் வந்துட்டா காத்துல கதவு சாத்திக்கிரும். நான் பிடிச்சிக்கிட்டு இருக்கேன்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அதற்கு மேல் வற்புறுத்த முடியாது. அவருடைய அன்பெல்லாம் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

நான் வராண்டாவில் இறங்கினேன். ஆபீஸுக்குப் போகிற படி ஒரு பக்கம், நரம்பு போவது எதிர்ப்பக்கம். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. வாசலைத் தாண்டியதும் யாரோ நரம்பைத் தூக்கி ஆணியில் மாட்டியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் வராண்டாவில் நீளமாக எது தெரிந்தாலும் அது துணி காயப்போடத்தான் என்று முடிவு செய்துவிடுவார்கள். அதன் மேல் ஒரு ஜீன்ஸ் பேண்ட் ஈரமாகத் தொங்கியது. யாருடையது என்று தெரியவில்லை. அதை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு பிடி விட்டது.

அந்த உற்சாகத்தில் வேகமாக நடந்தேன். வராண்டா நீண்டது. இன்னும் வேகமாக நடந்தேன். இன்னும் நீண்டது. பக்கத்து வீட்டுக் கதவு தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. நரம்பு விறைத்தது. இடுப்பில் யாரோ திருகாணியைத் திருகியது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வேறு வழியில்லாமல் மூச்சை நீளமாக இழுத்து, நிதானமாக விட்டேன். விட்டபோது தரை கொஞ்சம் என் பக்கம் வந்தது. மறுபடி விட்டேன். மறுபடி வந்தது. அவசரப்படுகிறவர்களைக் கண்டால் இந்த வராண்டாவுக்கு ஆகாது போலிருக்கிறது. பைய நடந்தேன். அதுவும் பையச் சுருங்கியது.

மூலை திரும்பியதும் நரம்பின் மேல் சீரியல் பல்புகள் சுற்றியிருந்தன. செயலாளரின் பேரனுக்குக் காதுகுத்து நடந்தபோது போட்டது. அந்தப் பேரனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. பல்பை யார் கழட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, அதனால் அது தினமும் மாலையில் எரிந்துகொண்டே இருந்தது. சிவப்பு எரியும்போது என் பாதம் எரிந்தது. பச்சை எரியும்போது எறும்பு ஊர்ந்தது. நீலம் எரியும்போது மரத்துப்போனது. இத்தனை நாளும் மாலையானால் கால் படுகிற பாட்டுக்கு நான் என்னென்னவோ காரணம் நினைத்திருந்தேன்.

சுவரைத் தட்டினேன். எங்கள் கட்டடத்தில் எந்தச் சுவரைத் தட்டினாலும் செயலாளருக்குக் கேட்கும்.

"சார், சீரியல் லைட்டைக் கழட்டிக்கிறேன்."

"விசேஷம் முடிஞ்சிருச்சா?"

"எப்பவோ முடிஞ்சிருச்சு சார்."

"எனக்குச் சொல்லலையே. மொய் எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. நானே வச்சேன்."

"அப்ப சரி, கழட்டிக்கங்க."

ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் எறும்புகள் ஒரு வரிசையாக இறங்கிப் போயின. கடைசிச் சுற்றைப் பிரித்தபோது என் சுண்டுவிரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதை அசைத்துப் பார்த்தேன். அது அசைந்தது. அதற்குக்கூட நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்கடுத்த வீடு ரஹ்மத் அக்காவுடையது. அக்கா வீட்டிலேயே இடியாப்பம் அவித்து விற்கிறவர். நரம்பு அவர் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போய், இடியாப்பச் சட்டியின் மேலாகத் தாண்டி, வாசல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"இது உன் நரம்பா?" என்றார் அக்கா. "நான் கேபிள்னுல்ல நெனச்சேன். படம் தெளிவா வருதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"காலையில எனக்குக் கொஞ்ச நேரம் சுகமா இருக்கும்க்கா. ஏன்னு தெரியாம இருந்துச்சு."

"அது மொத ஈடு எறக்குற நேரம். ஆவி படுதா?"

"படுது."

"சுடுதா?"

"இல்ல. இளஞ்சூடாத்தான் இருக்கு."

"சுட்டா சொல்லிரு. சுகமா இருக்குன்னு பேசாம நின்னு வெந்துறாத. இன்னும் ரெண்டு ஈடு இருக்கு. அவசரமா?"

"வெள்ளிக்கிழமை நரம்பை வெட்டுறாங்க."

"அப்ப அவசரமில்ல. இன்னிக்குச் செவ்வாய்தான? நில்லு."

நின்றேன். சூடு குதிகாலில் ஏறி, கெண்டைக்காலுக்கு வந்து, தொடையைத் தடவி, இடுப்பில் உட்கார்ந்தது. வீட்டிலிருக்கிற வெந்நீர்ப் பை நினைவுக்கு வந்தது. அதைச் சீண்டுவாரில்லாமல் பரணில் போட்டிருந்தேன். இன்றே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா எனக்கு இரண்டு இடியாப்பம் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினார். நின்றபடியே சாப்பிட்டேன். நாற்காலி இல்லாமல் சாப்பிடுவது இத்தனை சுகமென்று ஆபீஸில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்தது யோகலட்சுமி வீடு. கைக்குழந்தைக்காரி. வாசலுக்கு வந்ததும் அவள் வாயில் விரலை வைத்தாள். நரம்பில் தூளி கட்டியிருந்தது. தூளிக்குள் குழந்தை தூங்கியது.

"இது என் நரம்பும்மா" என்று கிசுகிசுத்தேன்.

"பையப் பேசுங்க."

"பையத்தான் பேசுறேன். தூளியை அவுக்கணும்."

"வேற எதுல கட்டினாலும் தூங்க மாட்டேங்கிறான். இதுல ஒரு துடிப்பு இருக்குக்கா. அதக் கேட்டுக்கிட்டே தூங்கிடுறான்."

"மத்தியானம் எனக்கு விட்டு விட்டு இழுக்கும்."

"அது இவன் கால உதைக்கிற நேரம்."

குழந்தையை எட்டிப் பார்த்தேன். என் வலியின் மேல் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"என்ன எடை இருப்பான்?"

"எடையெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. கண்ணு பட்டுரும்."

"எனக்குத் தெரியும்ல, எடை. நான்தான் தூக்கிக்கிட்டு இருக்கேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளும் தூங்கி நாளாகியிருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வலியில் தூங்காதவளுக்கும் பிள்ளையால் தூங்காதவளுக்கும் கண் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

"பாரத்தை ஜன்னல் கம்பி தாங்கட்டும்" என்றேன். "துடிப்பை மட்டும் இவன் தொட்டுக்கட்டும்."

ஆளுக்கொரு பக்கமாகத் தூளியை ஏந்தி, ஜன்னல் கம்பிக்கு மாற்றினோம். குழந்தை நெளிந்தான். முகத்தைச் சுளித்தான். நரம்பைக் கொஞ்சம் வளைத்து அவன் கைப்பக்கம் கொண்டுபோனேன். அதைப் பிடித்துக்கொண்டான். மறுபடி தூங்கிவிட்டான்.

என் இடுப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. யோகலட்சுமி தரையிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். கதவைச் சாத்தாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு வீடுகள் இல்லை. வராண்டா மட்டும் இருந்தது. நரம்பு மறுபடி விறைக்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்து ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று புரிந்தது. பைய நடந்தேன். ஒரு கதவு வந்தது. அதன் அடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. விளிம்பில் துணி இல்லை. பாவம், அவருக்குக் கதவைப் பிடிக்கவும் ஆளில்லை போலிருக்கிறது.

உள்ளே பெரிய மீசைக்காரர் ஒருவர் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, அந்த ஸ்டூலை இன்னொரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தார். அவருடைய வலது குதிகாலில் என் நரம்பு முடிந்தது.

"யாரு?"

"மரகதவல்லிங்கய்யா. இந்த நரம்போட அந்தப் பக்கம்."

"என் பேரு தவசிமுத்து. இது என் நரம்பு. இதுக்கு அந்தப் பக்கம்னு ஒண்ணு கிடையாது."

"நான் அங்கிட்டிருந்துதான் வர்றேன்."

"லோடு எதுவும் கொண்டு வந்தீங்களா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

லாரி ஓட்டியவர். வடக்கே காஷ்மீர் வரைக்கும் சரக்கு ஏற்றிப்போனவராம். வலி வந்த பிறகு அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான். வலிக்குதுன்னாலே அசையாத, அசையாதன்னாங்க. நானும் அசையல. பாருங்க."

பார்த்தேன். அவர் நாற்காலி தரையில் வேர் விட்டிருந்தது. ஒரு கைப்பிடியில் இரண்டு மூன்று இலை துளிர்த்திருந்தது. வேப்பிலை மாதிரி தெரிந்தது.

"அப்பயும் வலி நிக்கல" என்றார். "வலிச்சா கால இங்கிட்டு இழுத்துக்குவேன். ஒடனே எவனோ அங்கிட்டு இழுக்குறான். நான் விடுவேனா? இன்னும் இழுப்பேன். அவனும் விடமாட்டான். பொல்லாத பய."

"அது நான்தான்யா."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா?"

"நீங்க இழுத்தா எனக்கு வலிக்கும். வலிச்சா நான் சுருண்டு படுத்துக்குவேன். அது உங்களுக்கு இழுத்திருக்கு."

"ராத்திரியெல்லாம் இழுத்தீங்க."

"நீங்களும்தான்."

முகம் தெரியாத ஓர் ஆளோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம் என்று நினைக்கச் சங்கடமாக இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"வெட்டச் சொல்லிட்டேனே" என்றார்.

செவத்தியானின் இடது கையைப் பற்றிச் சொன்னேன். மிதியடியைப் பிய்த்ததை, பந்தியில் பக்கத்து இலைக்குப் போவதை, கூப்பிட்டால் திரும்பாததை. தவசிமுத்து தன் வலது காலைப் பார்த்தார்.

"இது பிரேக் மிதிச்ச காலும்மா" என்றார். "ஒரு தடவ மலையில எறங்கையில குறுக்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ள ஓடி வந்துருச்சு. நான் பாக்கல. இது பாத்துச்சு. நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி மிதிச்சிருச்சு." அவர் அதைத் தடவிக்கொடுத்தார். "இதுக்கு என்னைத் தெரியணும்மா."

"அப்ப எந்திரிங்க."

"வலிக்கும்."

"என்னைப் பாத்து வாங்க. நரம்பு தொய்யும்."

"எனக்கு எதுத்தாப்புல ஆள் வந்தா பழக்கமில்ல. பின்னால நின்னு சத்தம் குடுத்தாத்தான் வண்டி எடுப்பேன்."

எனக்கு லாரிக்குச் சத்தம் கொடுத்துப் பழக்கமில்லை. ஆனால் ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸில்தான் போகிறேன். கண்டக்டர் சொல்வது காதில் விழாமலா இருக்கும்.

"போலாம், ரைட்" என்றேன்.

தவசிமுத்து எழுந்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. நாற்காலியின் வேர் மெல்லத் தரையை விட்டது. இலைகள் மட்டும் அப்படியே இருந்தன. ஓர் அடி வைத்தார். முகம் கோணியது.

"ஹோல்டான்" என்றேன். நின்றார். மூச்சு விட்டார். "போலாம்." இன்னும் ஓர் அடி வைத்தார். நரம்பு எங்கள் நடுவே வயிறு தள்ளித் தொங்கியது.

அவர் முன்னால் வந்தால் நான் பின்னால் போனேன். நான் முன்னால் வந்தால் அவர் ரிவர்ஸ் எடுத்தார். "வா வா வா, லேசா ஒடி, ஹோல்டான்" என்று, எங்கேயோ கேட்ட லாரி கிளீனர் மாதிரி நானே சொன்னேன். நரம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிப் போய் வந்தது. யாரும் இழுக்கவில்லை. வலி வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நின்றோம். அந்த இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போனது.

"நல்லா சத்தம் குடுக்குறீங்க" என்றார் தவசிமுத்து. "காஷ்மீருக்குக் கூட்டிட்டுப் போலாம்."

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இதையே செய்தோம். ஆபீஸில் நாற்காலி கிறீச்சிடும் முன்பே எழுந்து நின்றுகொண்டேன். நின்றபடியே பாஸ் புத்தகத்தில் முத்திரை குத்தினேன். நாற்காலிக்கு அது அவமானமாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் கேட்டுப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பெயிண்டர்கள் வந்தார்கள். செவத்தியானும் வந்தான்.

"வேண்டாம்ப்பா. நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார் தவசிமுத்து.

செவத்தியான் சுவரைத் தட்டினான். "சார், வேண்டாங்கிறாரு."

"கூட்டத்துல முடிவாயிருச்சுப்பா" என்றது சுவர். "இனிமே கூட்டம் போட்டுத்தான் மாத்தணும். வெட்டு."

"கூட்டத்துக்கு யாரெல்லாம் வந்தது?" என்றேன்.

"நான்தான்."

செவத்தியான் பரிதாபமாக என்னைப் பார்த்தான். நரம்பின் நடுவில் பிளேயரை வைத்தான். பூமிநாதன் கதவைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

பிளேயரை அழுத்தினான். நரம்பு மடங்கி நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடி நழுவியது.

"தொய்வா இருக்கே" என்றான். "தொய்வா இருந்தா வெட்ட வராது. யாராவது ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிங்க."

யாரும் அசையவில்லை.

"நான் ஹோல்டான்ல இருக்கேன்" என்றார் தவசிமுத்து.

"எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்றார் ரஹ்மத் அக்கா.

யோகலட்சுமி வாயில் விரலை வைத்தாள்.

"நான் இங்கிட்டு கதவப் பிடிச்சிருக்கேன்" என்றார் பூமிநாதன்.

"சார், நீங்க வந்து பிடிக்கிறீங்களா?" என்று செவத்தியான் சுவரைக் கேட்டான்.

"நான் வெளிய வரணும்னா கூட்டம் போடணும்" என்றது சுவர்.

கடைசியில் செவத்தியான் தன் இடது கையைப் பார்த்து, "நீயாவது பிடி" என்றான். வழக்கம்போல அது கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் காற்றில் அலைந்தது. ரஹ்மத் அக்காவின் ஜன்னல் பக்கம் போனது. ஆவியில் நனைந்து கிடந்த என் நரம்பை இரண்டு விரலால் எடுத்தது. இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டது. எனக்கு அது தெரிந்தது. குளிர்ந்த விரல்கள்.

செவத்தியான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"யாரு என்னைத் தொட்டது?"

"யாரும் தொடலையே."

"இங்க" என்று இடது மணிக்கட்டைக் காட்டினான். பிளேயர் கீழே விழுந்தது. "இங்கதான். சுடுதுக்கா." பிறகு மெதுவாகச் சொன்னான். "வலிக்குதுக்கா."

"நரம்பை எடுத்துரவா?" என்றேன்.

"வேணாம், வேணாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவன் ரஹ்மத் அக்கா வாசலில் உட்கார்ந்துவிட்டான். "ஏய்" என்று கூப்பிட்டான். கை திரும்பிப் பார்த்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. அக்கா அவனுக்கும் இரண்டு இடியாப்பம் வைத்தார். இடது கையே தேங்காய்ப்பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது.

பெயிண்டர்கள் யாரையும் கேட்காமல் நரம்புக்கும் சேர்த்து வெளிர்நீலம் அடித்துவிட்டுப் போனார்கள். காய்கிற வரைக்கும் கால் குளுகுளுவென்று இருந்தது.

நரம்பு இன்னும் வராண்டாவில்தான் ஓடுகிறது. ஆனால் வராண்டா இப்போது ரொம்பச் சின்னதாகிவிட்டது. தவசிமுத்துவின் கதவு எங்கள் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. அவர் கதவின் ஓட்டைக்கும் பூமிநாதன் வேட்டித் துணி சுற்றிவிட்டார். நடுவில் தொய்ந்து கிடக்கிற நரம்பில் குழந்தையின் சட்டைகள் காய்கின்றன. அந்த ஈரத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

வலி சில நாள் வருகிறது. வந்தால் எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

"இழுத்தீங்களா?"

"இல்லம்மா. நீங்க?"

"நானும் இழுக்கல."

"அப்ப சும்மா வந்திருக்கும். போலாமா?"

"போலாம், ரைட்."

அவர் ஓர் அடி வைப்பார். நான் ஓர் அடி வைப்பேன். எங்கள் வீட்டு வாசலில் பூமிநாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.